மாப்பிள்ளைக் கடவு

சோமனூர்க்காரனிடம் எந்தத் துணியைக் காட்டினாலும், முதல் காரியமாக அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பான். இரண்டாவது காரியமாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். கல்யாண மண்டபத்து ஜமுக்காளம், பஸ் ஜன்னல் திரை, ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு (அதில் அவனே காய்ச்சலோடு படுத்திருந்தாலும்) எதுவும் தப்பாது. என் சித்தப்பா ஒருவர் இழவு வீட்டில் கோடித் துணியைத் தேய்த்துப் பார்த்து, "நூல் சுமார்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பங்காளிகள் இன்றுவரை எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை.

அப்படிப்பட்ட வம்சத்தில் வந்த ஒருவன் கிளைடர் வாங்கப் போனான். அந்த ஒருவன் நான்.

கிளைடர் என்றதும் கதவு, சக்கரம், இன்ஜின் வைத்த எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது பாராகிளைடர். வளைந்த நீளமான துணி இறக்கை, அதிலிருந்து இறங்கி வரும் மெல்லிய கயிறுகள், கயிற்றின் முடிவில் ஒரு இருக்கை, இருக்கையில் ஒரு மனிதன். அவ்வளவுதான். பொள்ளாச்சி தாண்டி மலைப்பக்கம் ஒரு புல்மேட்டில் நான் இதைக் கற்றுக்கொண்டேன். நாற்பதை நெருங்கும்போது சிலருக்குச் சாமி பக்தி வரும், சிலருக்குப் புல்லட் வரும். எனக்கு இது வந்தது.

கற்றுக் கொடுத்தவர் ஜோசப் மாஸ்டர். ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. பேசுவதற்கு முன்னால் எப்போதும் ஒருமுறை மரக்கிளைகளைப் பார்த்துக்கொள்வார். காற்று அவருக்கு அங்கேதான் தகவல் வைத்திருக்கும். அவரிடம் பயிற்சி முடித்து, தனியாக நாலைந்து தடவை மேட்டிலிருந்து இறங்கி, ஒரு தடவைகூடக் காலை உடைக்காத காரணத்தால் நான் என்னைப் பைலட் என்றே நம்பத் தொடங்கியிருந்தேன். பைலட் என்றால் சொந்தமாகக் கிளைடர் வேண்டாமா?

இங்கேதான் என் மனைவி கோகிலா வருகிறாள். எங்கள் தறிக் கொட்டகையில் நெய்து இறங்கும் துணியைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. ஒரு இழை அறுந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நான் இரண்டு மாதமாகக் கிளைடர் புராணம் பாடியதை அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"ஏனுங்க, நானும் வாரேன். ஒரே ஒருக்கா பார்ப்பேன். எனக்கு மனசுக்கு ஒத்துதுன்னா எடுத்துக்குங்க. ஒக்கலீன்னா அன்னியோட இந்தப் பறக்கற பழமையே ஊட்டுல பேசக் கூடாது. சம்மதமுங்களா?"

சம்மதம் என்றேன். துணியைக் காட்டித் துணிக்காரியைச் சம்மதிக்க வைப்பது பெரிய காரியமா என்று ஒரு மிதப்பு. என் ஆகாய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

மாஸ்டரிடம் போனில் கேட்டேன். விற்பனைக்கு இரண்டு இருக்கிறது என்றார். இரண்டுமே புதிதாகப் பறப்பவர்களுக்கான சாதுவான ரகம். பழையவை, ஆனால் சோதித்துச் சரிபார்த்தவை. ஒன்று சாம்பல் கலந்த வெள்ளை, பெரிய சைஸ். இன்னொன்று சிவப்பும் ஆரஞ்சும், சின்ன சைஸ். படம் அனுப்பினார். வெள்ளை, நனைந்த மாவுச் சாக்கைப் போல இருந்தது. சிவப்பு, சாயங்கால வானத்தை வெட்டித் தைத்தது போல இருந்தது.

"உங்க எடை என்னங்க?" என்றார் மாஸ்டர்.

சொன்னேன். (கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொன்னேன். அதற்குப் பிறகு கோகிலாவின் கைப்பக்குவம் செய்த வேலையைக் கணக்கில் எடுக்கவில்லை.)

"நான் உங்களை நேர்ல பார்த்திருக்கேனுங்க" என்றார் மாஸ்டர். "உங்களுக்கு வெள்ளைதான். சிவப்பு உங்க பாரத்துக்கு ஆகாது."

"குறைச்சுருவேனுங்க மாஸ்டர். தீபாவளிக்குள்ள."

இடுப்புக்குச் சேராத பேன்ட்டை, உடம்பு இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து பீரோவில் அடுக்கி வைக்கும் சாதி நான். கிளைடரும் அதில் ஒன்று என்று நினைத்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? துணிதானே என்ற உரிமையில், "ஆடித் தள்ளுபடி உண்டுங்களா?" என்றும் கேட்டு வைத்தேன்.

"ஆடியில காத்துதாங்க தள்ளும். நான் தள்ள மாட்டேன். ஆவணி பொறக்கட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நச்சரித்து நச்சரித்து ஆடியிலேயே ஒரு சனிக்கிழமைக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். இடம், கோகிலாவின் அண்ணன் சிவசாமி மச்சானின் கொறங்காடு. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில், சுற்றிலும் கிளுவை முள்வேலி போட்ட அகலமான மேய்ச்சல் காடு. நடுவில் ஒன்றிரண்டு வெள்வேல மரத்தைத் தவிர இடைஞ்சல் எதுவும் கிடையாது. மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "காலையில ஆறு மணிக்கு அங்க இருக்கோணும். எட்டு மணிக்கெல்லாம் மூட்டையைக் கட்டிப்போடுவேன். அதுக்கப்பறம் பாலக்காட்டுக் காத்து வந்துரும்."

மாஸ்டர் ஆறு மணிக்கு வந்துவிட்டார். நாங்களும் ஆறு மணிக்கெல்லாம் வெள்ளகோவில் வந்துவிட்டோம். ஆனால் மச்சான் வீட்டுக்கு வந்தோம். கொங்கு நாட்டில் மச்சான் வீட்டுக்குள் காலை வைத்துவிட்டு உடனே கிளம்பியவன் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். அன்றைக்குச் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். தேங்காய்ப் பால் ஊற்றி ஒரு ஈடு, எலுமிச்சை தாளித்து ஒரு ஈடு, "மாப்பிள்ளை ஒண்ணுமே சாப்பிடலியே" என்று ஒரு ஈடு. சிவப்புக் கிளைடருக்கு ஏற்றபடி எடை குறைக்க வேண்டிய நான், அங்கேயே உட்கார்ந்து அடுத்த சைஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

எழுந்து கை கழுவும்போது ஒன்பது மணி. போகலாம் என்றாள் கோகிலா. அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது.

"இன்னிக்குச் சனிக்கிழமை. ஒன்பதுல இருந்து பத்தரை ராகு காலம். புதுப் பொருளைப் பார்க்கப் போறோம்…"

"அது பழைய கிளைடருன்னீங்க?" என்றாள் கோகிலா.

"நமக்குப் புதுசுதானே."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனால் ஆகாயத்தில் தொங்கப் போகிற விஷயம் என்று வந்தபோது, கொள்கையைச் சற்று நேரம் கழற்றி வைப்பதில் தப்பில்லை என்று தோன்றியது. பத்தரைக்கு மேல் கொறங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்வேல மரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மச்சானின் செம்மறி ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றன. அவற்றுக்கு இருந்த விவரம் எனக்கு இல்லை.

மாஸ்டர் கோபப்படவில்லை. மரத்தை ஒருமுறை பார்த்தார். "இன்னிக்கு முடிஞ்சுதுங்க. நாளைக்குக் காலையில பார்க்கலாம்" என்றார்.

"பறக்க வேண்டாங்க மாஸ்டர். ஊட்டுல பார்க்கோணும்னு வந்திருக்கறாங்க. துணியை மட்டும் பார்த்துக்கறோம்."

"மூட்டையில இருக்கறபடியே பாருங்க. விரிக்க வேண்டாம். நான் போய் ஜீப்புல இருந்து வெள்ளையை எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, வேலியோர வண்டித் தடமான இட்டேரிப் பக்கம் நடந்தார்.

அவர் முதுகு மறைந்ததும் காலடியில் கிடந்த சிவப்பு மூட்டையைத் திறந்து துணியைத் தேய்த்துப் பார்த்தேன். ஆகா! இன்றைக்கும் சொல்வேன், அது துணி. காகிதம் போல மெல்லிசு, ஆனால் இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. குறுக்கும் நெடுக்கும் தடித்த இழை ஓடி, கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒரு இடத்தில் கிழிந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாது. இப்படி ஒன்றை நெய்தவனுக்குக் கோயில் கட்டலாம். கோகிலாவும் தேய்த்துப் பார்த்தாள். அவள் புருவம் லேசாக உயர்ந்தது. பதினைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்தப் புருவம் எனக்காக உயர்ந்தது இரண்டே தடவை. காரியம் கைகூடிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஹார்னஸை, அதாவது பட்டை வைத்த அந்த இருக்கையை, மாட்டினேன். பறப்பதற்காக அல்ல, போட்டோவுக்காக. ஹெல்மெட் போட்டு, பட்டைகளைக் கட்டி, கிளைடரின் கயிறுகளையும் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டால்தானே பைலட் மாதிரி இருக்கும்! உறவுக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். கோகிலா போனை எடுத்தாள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார்.

அப்போது ரத்தம் பேசியது.

"மச்சான், அந்த ஓரத்தைப் புடிச்சு மேல தூக்குங்க. வெளிச்சத்துல பார்க்கலாம்."

காற்று வருகிற பக்கம் கோகிலாவும் நானும் நிற்கிறோம். எனக்குப் பின்னால் துணி கிடக்கிறது. மச்சான் தூக்கியது இறக்கையின் முன் ஓரம். அந்த ஓரம் முழுக்க வாய் திறந்த பைகள். காற்றைக் குடிப்பதற்கென்றே தைத்தவை. மாஸ்டர் இதைப் படம் போட்டு எனக்கு விளக்கியிருந்தார். பரீட்சையில் நான் எழுதியும் இருந்தேன்.

பைகள் குடித்தன. ஒரே மடக்கு.

படாரென்று ஒரு சத்தம். சிவப்பு இறக்கை எழுந்து நின்றது. ஒரு கண நேரம் அதன் அழகைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது நினைவிருக்கிறது. அடுத்த கணம் நான் முதுகுப் பக்கமாகக் கொறங்காட்டில் பயணம் போய்க்கொண்டிருந்தேன். மாட்டு வண்டி, கார், ரயில் எல்லாவற்றிலும் போயிருக்கிறேன். என் இருப்பிடத்தையே வண்டியாக்கிப் போனது அதுதான் முதல் தடவை. கொழுக்கட்டைப் புல், ஆட்டுப் புழுக்கை, சிறு கல் எல்லாவற்றையும் தனித்தனியாக அடையாளம் தெரிந்துகொண்டேன். ஆடுகள் மரியாதையாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன.

மச்சான் பாசக்காரர். "மாப்பிள்ளே, உடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து (நான் எங்கே விடுவது? அதுதான் என்னை விட வேண்டும்) இறக்கையின் நடுவில் பாய்ந்து கட்டிப்பிடித்தார். இப்போது கிளைடர் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போனது. பிரேக் கயிறுகளைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது. கை இரண்டும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.

முதுகுக்குப் பின்னால் கிளுவை வேலி வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, எங்களைக் கடந்தும் போனது. நான் வேலிக்குள் போய் அக்கட்டால் வெளியே வந்தபோது என் டிராக் பேன்ட்டின் பின்பக்கம் வேலியிலேயே தங்கிவிட்டது. மச்சான் முள்ளில் சிக்கிக்கொண்டார். வேலிக்கு அப்பால் இட்டேரி, இட்டேரிக்கு அப்பால் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அது எனக்குப் பின்னால் இருந்ததால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கோகிலாவுக்குத் தெரிந்தது.

அவள் ஓடி வந்ததை மச்சான்தான் பிறகு சொன்னார். போனைத் தூக்கி எறிந்துவிட்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, நான் திறந்து வைத்த வேலி இடைவெளியில் நுழைந்து வந்திருக்கிறாள். அவள் இறக்கையின் நடுவைத் தொடவே இல்லை. ஒரே ஒரு முனையைப் பிடித்தாள். பிடித்தவள் அதோடு காற்று வருகிற திசையைப் பார்த்து ஓடினாள். அவ்வளவுதான். அத்தனை பெரிய இறக்கை, திட்டு வாங்கிய பிள்ளை போல முகம் சுருங்கி, அவள் பின்னால் வெறும் துணியாக வந்தது. நான் நின்றேன். கையைப் பின்னால் நீட்டியிருந்தால் கிணற்று மேட்டில் இடித்திருக்கும்.

மாஸ்டர் ஜீப்பிலிருந்து வெள்ளை மூட்டையோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். எலும்பு எதுவும் போகவில்லை என்று தெரிந்ததும் என்னை விட்டுவிட்டுக் கோகிலாவைப் பார்த்தார். அவள் துணியைக் கீழே போடாமல் கைக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, முனையைப் புடிச்சுக் காத்துக்கு எதுக்க ஓடோணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லோணுங்க? ஆடி மாசம் மொட்டை மாடியில வேட்டி காயப் போடறவளுக்கு இது தெரியாதுங்களா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவரிடம் நான் பயிற்சி முழுக்க எதிர்பார்த்து ஏமாந்த தலையாட்டல் அது.

முள்ளிலிருந்து விடுபட்டு வந்த மச்சான், தோளில் மிச்சமிருந்த துண்டை எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். "மாப்பிள்ளே, இதைக் கட்டிக்குங்க. போச்சாதுங்க, பரவால்ல, ஆரும் பார்க்கல." இட்டேரியில் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் துண்டைக் கட்டிக்கொண்டு கோகிலாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒருக்கா பார்ப்பேன் என்றவள் பார்த்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று தெரிந்தது. மேட்டிலிருந்து கால் பிரிகிற அந்த நிமிஷம், காதில் காற்று மட்டும் கேட்கிற அந்த அமைதி, எல்லாவற்றையும் ஒரு ராகு காலத்துக்கும் மூன்று ஈடு சந்தகைக்கும் விற்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. முள் குத்தியதால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. துணியை இன்னொரு தடவை தேய்த்தாள். வேலியில் உரசி வந்தும் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

"மாஸ்டர், நாளைக்குக் காலையில இதைச் சரியான நேரத்துல ஒருக்கா தூக்கிக் காட்டுவீங்களா?"

மறுநாள் ஆறு மணிக்கு யாரும் சந்தகை சாப்பிடவில்லை. கொறங்காட்டில் காற்று மெதுவாக, ஒரே சீராக வந்தது. சிவப்பு இறக்கையை மாஸ்டர் புல்லில் பிறை போல விரித்தார். என்னைக் கூப்பிடுவார் என்று ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். (உட்கார முடியாத நிலையில் இருந்தாலும் நிற்க முடிந்தது.) அவர் ஹார்னஸைக் கோகிலா பக்கம் நீட்டினார். "நீங்களே தூக்கிப் பாருங்க அம்மணி. தரையிலேயேதான். நான் புடிச்சுக்கறேன்."

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டாள். இறக்கையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பட்டைகளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். அது அவசரப்படாமல் எழுந்து, அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. இடது பக்கம் சாய்ந்தபோது அவளும் இடது பக்கம் ஒரு அடி வைத்தாள். பிரேக்கைக் கொஞ்சம் இழுத்தாள், விட்டாள். நூல் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் அதே முகம். மாஸ்டர் கையை எடுத்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை. காலை வெயில் சிவப்புத் துணியின் வழியாக இறங்கி அவள் மேல் பட்டது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிய துணிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. என் மனைவி அவ்வளவு அழகு என்பதை நான் அன்றைக்கு, மச்சானின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, உட்கார முடியாமல் நின்றபடி தெரிந்துகொண்டேன்.

இறக்கையைப் பதமாகக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எனக்கு மனசுக்கு ஒத்துதுங்க. எடுத்துக்கலாம்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா இது என்ற சைஸுங்க. நீங்க வெள்ளையை எடுத்துக்குங்க."

எடுத்தோம். கோகிலாவும் அதே புல்மேட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பயிற்சியில் என்னை எச்சரிக்கவே நேரம் போதாதிருந்த மாஸ்டர், அவளைத் திருத்த விஷயம் கிடைக்காமல் திண்டாடினார். இப்போது தை, மாசியில் காற்று சாந்தமான பிறகு மச்சானின் கொறங்காட்டிலேயே நீளக் கயிறு கட்டி, இயந்திரத்தால் இழுத்து எங்களை மேலே ஏற்றுகிறார். அவள் மேலே போனால் பருந்துகளோடு சுற்றிக்கொண்டிருப்பாள். நான் மாவுச் சாக்கில் ஏறிச் சீக்கிரமே இறங்கி, கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வலி எனக்குப் பிடித்திருக்கிறது.

வேலியில் நான் திறந்த ஓட்டையை மச்சான் அடைக்கவே இல்லை. ஆடுகளுக்கு அந்த வழி பிடித்துப்போய்விட்டதாம். ஒரு படல் கட்டிக் கடவாக்கிவிட்டார். ஊரில் அதற்கு மாப்பிள்ளைக் கடவு என்று பெயர். "ஆட்டை மாப்பிள்ளைக் கடவு வழியா ஓட்டிப்போடு" என்று போனில் சத்தமாகச் சொல்வார். விருந்துக்கு வந்த, விவரம் தெரியாத ஒறம்பரை யாராவது "அதென்னங்க அப்படியொரு பேரு?" என்று கேட்டால் போதும். மச்சான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நான் அங்கே உட்கார்ந்திருப்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல், சந்தகையிலிருந்து தொடங்குவார்.

போன வாரம் கோகிலா நீண்ட நேரம் பறந்துவிட்டு, விரித்துப் போட்ட துண்டின் மேல் கால் வைப்பது போலத் துல்லியமாக வந்து இறங்கினாள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாக் காடும் ஒரே மாதிரிதானே இருக்கும், எப்படி நம் காட்டைக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அதென்னங்க கஷ்டம்? எவ்வளவு ஒசரத்துல இருந்தாலும் மாப்பிள்ளைக் கடவு நல்லாத் தெரியுதுங்க."